காய்ச்சல் ஊசியும் கடவுள் நம்பிக்கையும்



பூண்டுலோயா மலைகளில் மழையும் பனியும் இறங்கும் நாட்களில், அதிகாலையில் பிரட்டுக்குப் போகும் வழியெங்கும் இருமல் சத்தம் கேட்கிறது. லயத்தின் முதல் காம்பராவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், நாலாம் நாள் கடைசிக் காம்பராவில் ஒரு பாட்டி படுத்துவிடுகிறார். சீன் தோட்டமானாலும் சரி, டன்சினன் தோட்டமானாலும் சரி, கதை ஒன்றுதான். மல்லித்தண்ணி குடித்து, இஞ்சி போட்ட தேத்தண்ணி குடித்து, இரண்டு பனடோலையும் விழுங்கிவிட்டு, மறுநாள் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொள்வது நம் வழக்கமாகிவிட்டது.

இப்போது நம் வீடுகளுக்குள் ஒரு புதிய கேள்வி வந்திருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் மகன் தொலைபேசியில் சொல்கிறான்: “அம்மா, வருஷா வருஷம் போடுகிற காய்ச்சல் ஊசி ஒன்று இருக்கிறதாம். பாட்டிக்கும் பிள்ளைக்கும் போட்டுவிடுங்கள்.” அதைக் கேட்டதும் வீட்டில் மூன்று குரல்கள் எழுகின்றன. “தேவமாதா இருக்கிறா. எனக்கு எதற்கு ஊசி?” என்கிறார் பாட்டி. “ஊசி போட்டு வேறேதும் வந்துவிட்டால்?” என்று தாய் தயங்குகிறாள். “ஆளுக்கு இவ்வளவு என்றால், வீட்டில் எட்டுப் பேருக்கு எங்கே போவது?” என்று தகப்பன் கணக்குப் பார்க்கிறார்.

ஒன்று விசுவாசத்தின் கேள்வி. ஒன்று பயத்தின் கேள்வி. ஒன்று பணத்தின் கேள்வி. மூன்றும் நியாயமான கேள்விகளே. ஒன்றையும் ஏளனம் செய்யாமல், ஆண்டவர் முன்னிலையில் வைத்துச் சிந்திப்போம்.

நோயை முதலில் அறிவோம்

தடிமன் வேறு, இன்புளுவென்சா வேறு. தடிமன் மூக்கில் தொடங்கும், பெரும்பாலும் தானாகவே போய்விடும். இன்புளுவென்சா திடீரென்று வரும். கடுங்காய்ச்சல், உடம்பு முறித்துப் போட்டதுபோன்ற நோவு, வறட்டு இருமல், எழுந்து நிற்க முடியாத களைப்பு எல்லாம் அதன் அடையாளங்கள். பலமுள்ளவர் ஒரு கிழமையில் எழுந்துவிடுவார். பலவீனருக்கு அது நெஞ்சில் இறங்கி நிமோனியாவாக மாறலாம். காய்ச்சல் வெளியே தெரிவதற்கு ஒரு நாள் முன்பே ஒருவர் அதை அடுத்தவருக்குக் கொடுத்துவிடக்கூடும் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

இதைச் சிறு நோய் என்று எண்ணுகிறவர்கள் 1918ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கட்டும். முதலாம் உலகப் போர் முடிகிற வேளையில் இந்தக் காய்ச்சல் உலகமெங்கும் பரவியது. மாண்டவர்கள் 5 கோடி வரை இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். இலங்கையும் தப்பவில்லை. 1918, 1919 ஆகிய ஆண்டுகளில் இத்தீவு ஏறத்தாழ 3 இலட்சம் மக்களை இழந்தது என்பது பிற்கால ஆய்வாளரின் மதிப்பீடு. அக்காலத்து மக்களில் ஏறத்தாழ 15 பேருக்கு ஒருவர் என்று சொல்லலாம்.

அது பழைய கதை என்று தள்ளவும் முடியாது. இன்றும் உலகில் ஒவ்வோர் ஆண்டும் 2 இலட்சத்து 90 ஆயிரம் முதல் 6 இலட்சத்து 50 ஆயிரம் பேர்வரை இதனால் மூச்சுத் திணறி இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் 2018ஆம் ஆண்டு மே மாதமளவில் தென் மாகாணத்தில் பரவிய காய்ச்சலில் பச்சிளங் குழந்தைகள் பலர் இறந்தபோது, அதிலும் இன்புளுவென்சாக் கிருமியின் கை இருந்தது கண்டறியப்பட்டது.

இலங்கையில் இந்நோய்க்கு இரண்டு பருவங்கள் உண்டு. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று. நவம்பர் முதல் ஜனவரி வரை மற்றொன்று. இரண்டாம் பருவத்தில்தான் தீபாவளி விடுமுறைக்கும் நத்தார் விடுமுறைக்கும் நம் பிள்ளைகள் கொழும்பிலிருந்து நெருக்கமான பஸ்களில் வீடு திரும்புகிறார்கள். உடுப்பும் பலகாரமும் கொண்டுவருகிற பிள்ளை, தன்னை அறியாமலே நோயையும் கொண்டுவந்துவிடலாம். வந்து சேருகிற இடமோ பல வீடுகளில் ஒரே காம்பரா. குளிருக்காக ஜன்னல் அடைத்திருக்கும். அடுப்புப் புகை உள்ளேயே சுற்றும். ஒரே பாயில் நால்வர் படுப்பார்கள். சில தோட்டங்களில் தனி வீடுகள் எழும்பியிருப்பது நன்று. ஆயினும் இன்னும் பல குடும்பங்கள் லயத்துச் சுவர்களுக்குள்தானே வாழ்கின்றன!

“கடவுள் காப்பார்” என்பவர்களுக்கு

பாட்டியின் சொல்லில் அழகான விசுவாசம் இருக்கிறது. அதைக் குறைத்துப் பேசலாகாது. இத்தனை மழையிலும் பசியிலும் இந்த மலையில் நம்மைக் காத்தவர் ஆண்டவரே. ஆனால், ஆண்டவர் எப்படிக் காக்கிறார் என்பதையும் நாம் அறிய வேண்டும்.

லூக்காஸ் நற்செய்தியில் சோதனை நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். சாத்தான் இயேசுவைத் தேவாலயத்தின் உச்சிக்குக் கொண்டுபோகிறான். கீழே குதி, சம்மனசுகள் உன்னை ஏந்திக்கொள்வார்கள் என்கிறான். வேத வார்த்தையையே எடுத்துக் காட்டித் தூண்டுகிறான். இயேசு குதித்தாரா? இல்லை. கடவுளைச் சோதிக்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். பிதாவின்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லாமலா மறுத்தார்? இறங்கிவரப் படிக்கட்டு இருக்கும்போது, குதித்துவிட்டுச் சம்மனசுகளைக் கூப்பிடுவது விசுவாசமாகாது என்பதையே அவர் நமக்குக் காட்டினார்.

சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரத்தை ஒருமுறை வீட்டில் வாசியுங்கள். வைத்தியனை மதிக்கச் சொல்கிறது அது. மருந்துகளை மண்ணிலிருந்து உண்டாக்கியவர் ஆண்டவர் என்கிறது. அறிவுள்ளவன் அவற்றைத் தள்ளிவிடமாட்டான் என்கிறது. அதே அதிகாரம் நோயாளியைச் செபிக்கவும் சொல்கிறது. செபமா, மருந்தா என்று வேதாகமம் நம்மைப் பிரித்து நிறுத்தவில்லை. இரண்டையும் ஒரே கையில் கொடுக்கிறது.

தோட்டத்தில் நாம் தினமும் பார்ப்பதைக் கொண்டே இதை விளங்கிக்கொள்ளலாம். 1946இல் இலங்கைத் தேயிலையில் இலை கொப்புளிக்கும் நோய் ஒன்று புதிதாகத் தோன்றியது. அன்றுமுதல், மழைக்காலத்தில் கொழுந்தைக் காக்க முன்கூட்டியே மருந்து தெளிக்கிறார்கள். இலை முழுவதும் கொப்புளித்த பிறகு தெளித்து என்ன பயன்? வருமுன் காப்பதே காவல். தேயிலைக் கொழுந்துக்குக் கொடுக்கும் காவலை, தேவன் நம் மடியில் கொடுத்த கொழுந்துக்குக் கொடுக்க வேண்டாமா?

கண்டி மண்ணில் நடந்த ஒரு சம்பவம் உண்டு. 1697இல் கண்டி இராச்சியத்தில் பெரியம்மை பரவியது. அரசரும் பெரியோரும் நகரைவிட்டு அகன்றனர். நோயுற்றவர்களைச் சொந்தக்காரரே கைவிட்டனர். அவ்வேளையில் கோவாவிலிருந்து வந்து இத்தீவில் மறைவாகத் திருப்பணி செய்த குருவானவர் யோசேப்பு வாஸ், தம் மருமகனான மற்றொரு குருவோடு அந்நகரில் நின்றார். குடிசை கட்டிக் கொடுத்தார், புண்களைக் கழுவினார், கஞ்சி கொடுத்தார், இறந்தவரை அடக்கம் செய்தார். அவர் நாள் முழுதும் செபித்த மனிதர். ஆயினும் செபித்துவிட்டு வீட்டுக்குள் இருந்துவிடவில்லை. தம் கையால் செய்யக்கூடியது அனைத்தையும் செய்தார். அவரையே 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆந் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராக உயர்த்தினார்.

அன்று அவர் கையில் அம்மைக்கு ஊசி இல்லை. ஜென்னர் என்ற ஆங்கிலேய வைத்தியர் அம்மை குத்தும் முறையைச் சோதித்து வெற்றி கண்டது 1796இல். கண்டியின் அந்தத் துயரத்துக்கு 99 ஆண்டுகள் கழித்து. புனித யோசேப்பு வாஸிடம் அப்படி ஒரு மருந்து இருந்திருந்தால், வீடு வீடாக அதைக் கொண்டு ஓடியிருக்கமாட்டாரா? சிந்தித்துப் பாருங்கள்.

பயப்படுகிற தாய்க்கு

தாயே, உன் பயத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்லமாட்டோம். நம் மக்களுக்கு ஊசி என்றாலே சந்தேகம் வரப் பழைய காரணங்கள் உண்டு. நம் முன்னோர் தமிழகத்திலிருந்து இத்தீவுக்கு வந்த காலத்தில், மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, பின்னரே கப்பலேற்றப்பட்டார்கள். ஏன், எதற்கு என்று அவர்களுக்கு விளக்கிச் சொன்னவர் யார்? பின்னாளில், 1980இலிருந்து, கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு பணம் கொடுத்தது. தோட்டத்துப் பெண்களுக்குச் சரியாக விளக்காமல், மனதாரச் சம்மதம் பெறாமல் அது செய்யப்பட்டது என்ற குறை நீண்ட காலமாக நம்மிடையே உண்டு. இன்றும் கிளினிக் அட்டையில் எழுதியிருப்பது விளங்காமல் தவிக்கும் தாய்மார் இருக்கிறார்கள்.

ஆகவே, கேள்வி கேட்பது குற்றமல்ல. உன் மொழியில், உனக்கு விளங்கும்படி பதில் பெறுவது உன் உரிமை. ஆனால், கேள்வி கேட்பது ஒன்று. லயத்துக் கோடியில் கேட்ட வதந்தியை நம்பி வீட்டில் முடங்குவது வேறொன்று. பழைய காயத்துக்காக நல்ல மருந்தையும் தள்ளிவிட்டால், நட்டம் உன் பிள்ளைக்கு.

ஊசிகள் நமக்குச் செய்த நன்மையையும் சொல்லத்தானே வேண்டும்? யோசேப்பு வாஸ் காலத்தில் ஊரைக் காலிசெய்த பெரியம்மை உலகத்தைவிட்டே ஒழிந்தது என்று 1980ஆம் ஆண்டு மே மாதம் அறிவிக்கப்பட்டது. கால்களை முடமாக்கிய போலியோ இலங்கையில் கடைசியாக ஒரு பிள்ளையைத் தாக்கியது 1993இல். அதன்பின் ஒருவருக்கும் இல்லை.

தோட்டங்களில் முன்பு பிறந்த சில நாளில் பிள்ளைகள் விறைத்து இறந்தன. தோஷம் என்றார்கள், செய்வினை என்றார்கள். அது தொப்புள் வழியாக ஏறிய ஏற்புவலிக் கிருமி. 1969முதல் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏற்புவலித் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். மருத்துவிச்சிகளின் சுத்தமான கையும் அந்த ஊசியும் சேர்ந்து அந்தச் சாவை நம் மலைகளிலிருந்து துரத்திவிட்டன. ஊசி போட்டது தாயின் கையில். காப்பாற்றப்பட்டது வயிற்றில் இருந்த பிள்ளை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்புளுவென்சா விஷயத்திலும் இதே வழிதான் வரப்போகிறது.

இனி இந்த ஊசியைப் பற்றி. சாதாரணமாகப் போடப்படும் இன்புளுவென்சா ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. பெரும்பாலும் கோழி முட்டையில் வளர்த்துக் கொல்லப்பட்ட கிருமியின் துண்டுகளே உண்டு. ஆகவே அது காய்ச்சல் நோயைக் கொடுக்க முடியாது. கை நோகும், ஓரிரு நாள் உடம்பு சூடாக இருக்கலாம், அது உடம்பு பாடம் படிப்பதன் அடையாளம். பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் எதுவும் அதில் இல்லை. நரம்பைத் தளர்த்தும் ஓர் அரிய நோய், 10 இலட்சம் பேருக்கு ஒருவர் இருவருக்கு ஊசிக்குப் பின் வரக்கூடும் என்கிறார்கள். உண்மையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே நரம்பு நோய் இன்புளுவென்சா கண்டபின்பும் வரக்கூடியதே. முட்டையோ வேறு ஊசியோ முன்பு ஒத்துக்கொள்ளாதவர்கள், அன்று கடுங்காய்ச்சலோடு இருப்பவர்கள், வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும்.

ஊசி எல்லாவற்றையும் செய்துவிடும் என்றும் எண்ணாதிருங்கள். பொருத்தம் நன்றாக அமைந்த ஆண்டில், நோய் முற்றி வைத்தியரிடம் போகவேண்டிய நிலையை நூற்றில் 40 முதல் 60 வரை குறைக்கிறது. அதற்குமேல் அல்ல. ஊசி போட்டும் காய்ச்சல் வரலாம். ஆனால் மரணம்வரை போகும் ஆபத்து குறைகிறது. ஊசி வேலை செய்ய 2 கிழமை எடுக்கும். கிருமி ஆண்டுதோறும் உருவம் மாற்றிக்கொள்வதால், உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடி, எந்த வகைக்கு ஊசி செய்வது என்று பரிந்துரைக்கிறது. அதனால்தான் ஒருமுறை போட்டால் போதாது. வருஷந்தோறும் போட வேண்டும்.

திருச்சபை என்ன சொல்கிறது?

“வேதத்துக்கு இது ஏற்குமா?” என்று சிலர் கேட்கிறார்கள். அம்மை குத்துவது உலகுக்குப் புதிதாக இருந்த காலத்திலேயே, 1822இல், பாப்பரசர் 7ஆம் பத்திநாதரின் ஆட்சியில், பாப்பரசரின் நாட்டில் அதை ஊக்குவிக்கக் கட்டளை பிறந்தது. நம் காலத்தில், கொரோனாத் தொற்றின்போது, 2020ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் உரோமையிலிருந்து விசுவாசக் கோட்பாட்டுச் சபை ஒரு விளக்கம் வெளியிட்டது. தடுப்பூசி போடுவதைப் பொதுவில் ஒரு ஒழுக்கக் கடமையாகத் திணிக்கலாகாது, அது அவரவர் விருப்பத்தோடு நடக்க வேண்டும் என்றது. அதே மூச்சில், தன்னை மட்டுமல்ல, பொதுநன்மையையும், விசேஷமாகப் பலவீனரையும் நினைக்கும் கடமை நமக்கு உண்டு என்றும் நினைவூட்டியது. 2021 ஆகஸ்டில், மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ், தடுப்பூசி போட்டுக்கொள்வதை ஓர் அன்புச் செயல் என்று அழைத்தார்.

அவை கொரோனா ஊசியைப் பற்றிச் சொல்லப்பட்டவை. ஆயினும் வழி ஒன்றே. யாரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளக் கூடாது. ஆனால், “என் உடம்பு, என் இஷ்டம்” என்று சொல்லிவிட்டு, பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் முதியவரை மறந்துவிடவும் கிறிஸ்தவனுக்கு வழியில்லை. மனச்சாட்சியே தீர்மானிக்கட்டும், ஆனால் அறிந்த மனச்சாட்சி தீர்மானிக்கட்டும்.

காசில்லாத தகப்பனுக்கு

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி இதுதான். பிள்ளைகளுக்கான மற்றத் தடுப்பூசிகளை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. இன்புளுவென்சா ஊசி அந்த வழக்கமான அட்டவணையில் இல்லை. நகரத்துத் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்தே போட வேண்டும். அதற்குப் போகும் நாளின் சம்பளமும் போகும். பஸ் காசும் போகும். எட்டுப் பேருக்கு எங்கே போவது? உண்மைதான்.

அன்பான தகப்பன்மாரே, எட்டுப் பேருக்கு முடியாதென்றால் ஒருவருக்கும் வேண்டாம் என்று முடிவு செய்யாதிருங்கள். மாற்கு எழுதிய நற்செய்தியில், நடக்க முடியாத ஒருவனை நால்வர் சுமந்துவருகிறார்கள். வாசல் அடைபட்டிருக்கவே, கூரையைப் பிரித்து அவனை இறக்குகிறார்கள். இயேசு யாருடைய விசுவாசத்தைக் கண்டார்? சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தையும் கண்டார் என்கிறது நற்செய்தி. அந்த வீட்டில் எத்தனையோ பேர் கூடியிருந்தார்கள். நால்வரும் தங்களுக்காகக் கூரையைப் பிரிக்கவில்லை. எழுந்து நடக்க முடியாதவனுக்காகவே பிரித்தார்கள்.

நம் வீட்டிலும் அந்த ஒழுங்கே இருக்கட்டும். மிகவும் பலவீனமானவர் யார்? அவரிலிருந்து தொடங்குங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் முதலில். எந்த மாதத்திலும் போடலாம். ஏற்புவலி ஊசிபோல, இதுவும் பிறக்கப்போகும் பிள்ளையைச் சில மாதங்கள் காக்கும். 6 மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கு இந்த ஊசி போட முடியாது. அந்தப் பிள்ளையைச் சுற்றியுள்ளவர்களே அதற்கு வேலி. தாய்க்கும், அதைத் தூக்கி வளர்க்கிறவருக்கும் போட்டால், அந்தப் பிள்ளைக்கும் பாதி காவல் கிடைக்கிறது. பின்பு, 6 மாதத்துக்கு மேற்பட்ட சிறு பிள்ளைகள், விசேஷமாக 2 வயதுக்குக் குறைந்தவர்கள். முதல் முறையாகப் போடும் சிறுபிள்ளைகளுக்கு 4 கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி வேண்டும் என்பதையும் கணக்கில் சேருங்கள். அவர்களோடு 65 வயதைத் தாண்டிய முதியோர். எந்த வயதானாலும் இழுப்பு, சீனி வியாதி, இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள். இவர்களில் உங்கள் வீட்டில் யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைக் காம்பராவில் வேலை செய்பவரும், நோயாளியைப் பராமரிப்பவரும் இந்த வரிசையில் மறக்கப்படக்கூடாது. திடகாத்திரமான இளைஞன் கடைசியில் நிற்கலாம்.

ஊசி போடுவதாயின், காய்ச்சல் பருவம் தொடங்குமுன் போடுங்கள். நத்தாருக்கு முதல் நாள் ஓடிப்போய்ப் பயனில்லை. முதலில் தோட்டத்து வைத்திய உதவியாளரிடமோ மருத்துவிச்சியிடமோ பேசுங்கள். விலையைத் தொலைபேசியில் விசாரித்துவிட்டு பஸ் ஏறுங்கள். ஊசிமருந்து குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தால், அது கெட்டுவிடும், காசும் வீண்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கோபிக்காதிருங்கள். சம்பள நாளன்று சாராயக்கடை வாசலில் போகும் காசு, பல வீடுகளில் ஒரு பாட்டியின் ஊசிக்குப் போதுமானது. இதைச் சொல்ல ஒரு பிரசங்கம் தேவையில்லை. உங்கள் மனைவிக்குத் தெரியும்.

ஆனால் உண்மையாகவே முடியாத குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு என்ன சொல்வது? நல்ல சமாரியன் காயப்பட்டவனைத் தூக்கியதோடு நிற்கவில்லை. சத்திரக்காரன் கையில் 2 தெனாரியம் காசையும் வைத்துவிட்டுப் போனான். அன்பு சிலவேளை காசுருவம் எடுக்க வேண்டியிருக்கிறது. சீட்டுப் பிடித்துக் கலியாணமும் காதுகுத்தும் நடத்தத் தெரிந்த நம் தாய்மாருக்கு, காய்ச்சல் பருவத்துக்கு முன் ஒரு சிறு சீட்டுப் பிடிக்கத் தெரியாதா? பங்குகளில் வின்சென்ட் டி போல் சபையினரும் இளைஞரும் சேர்ந்து, லயத்தில் தனியாக இருக்கும் ஒரு முதியவருக்கும், இழுப்புள்ள ஒரு பிள்ளைக்கும் பொறுப்பேற்கலாமே! அந்த முதியவர் நம் கோவிலுக்கு வருபவரா, மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவரா என்று பார்க்க வேண்டாம். லயத்துச் சுவர் ஒன்றுதான், இருமலும் ஒன்றுதான், சமாரியனும் வேறு கூட்டத்தவன்தான்.

ஊசி கிடைக்காத வீட்டில்

எவ்வளவு முயன்றும் ஊசி போட முடியாதவர்மேல் பாவம் எதுவும் இல்லை. “நீ போடவில்லை, அதனால்தான் பாட்டி போனார்” என்று ஒருவரும் ஒருவரையும் குத்திப் பேசக் கூடாது. அப்படிப் பேசுவதே பாவம்.

ஊசி போட்டவர்க்கும் போடாதவர்க்கும் பொதுவான காவல்கள் சில உண்டு. அவற்றுக்குக் காசு வேண்டாம். வெயில் எட்டிப்பார்க்கும் வேளையில் ஜன்னலையும் கதவையும் திறந்துவிடுங்கள். சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். இருமும்போது முழங்கைக்குள் இருமுங்கள். காய்ச்சல்காரர் ஒரு துணியால் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, முடிந்தவரை கைக்குழந்தையிடமிருந்தும் முதியவரிடமிருந்தும் விலகிப் படுக்கட்டும். தாய்க்குக் காய்ச்சல் என்றாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்; முகத்தை மூடிக்கொண்டு கொடுங்கள். காய்ச்சலுக்குப் பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. கிருமிகொல்லி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்காதிருங்கள். இந்தக் கிருமிக்கு அது மருந்தல்ல.

மூச்சு வேகமாக வாங்கினால், நெஞ்சு உள்ளே இழுத்தால், பிள்ளை பால் குடிக்க மறுத்தால், உதடு நீலம் பாரித்தால், முதியவர் மயங்கிக் கிடந்தால், காய்ச்சல் மூன்று நாளாகியும் விடாவிட்டால், மறுநாள் பிரட்டு முடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். டெங்குக் காய்ச்சலும் இப்படித்தான் தொடங்கும். கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் முதல் நாளே காட்டுங்கள்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது

பிரியமானவர்களே, கேட்டுவிட்டு மறந்துபோகும் வார்த்தையாக இது இருக்கக் கூடாது. இந்தக் கிழமையில் ஒருநாள் மாலை செபமாலை முடிந்ததும், அப்படியே உட்கார்ந்திருங்கள். வீட்டில் உள்ளவர்களைப் பெயர் சொல்லி எண்ணுங்கள். நம்மில் பலவீனமானவர் யார்? அவரைச் சுற்றி இருப்பவர்கள் யார்? நம்மிடம் உள்ள காசுக்கு எத்தனை பேரைக் காக்க முடியும்? வைத்தியரிடம் என்ன கேட்க வேண்டும்? பாட்டியையும் கேளுங்கள், அவர் வீட்டுப் பெரியவர், அவருக்காக நீங்களே முடிவு செய்துவிடாதிருங்கள். “பாட்டி, உங்களுக்காக மட்டுமல்ல, தொட்டிலில் இருக்கும் பேத்திக்காகவும் போடுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். தனக்கென்று கேட்டால் வேண்டாம் என்பவர், பேத்திக்கென்றால் கையை நீட்டுவார். நம் தாய்மாரின் மனசு அப்படிப்பட்டது. நம் ஆண்டவரின் மனசும் அப்படிப்பட்டதே.

போட்டாலும், போட முடியாவிட்டாலும், அந்த முடிவு அன்பிலிருந்து பிறக்கட்டும். சோம்பலிலிருந்தோ, வதந்தியிலிருந்தோ, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற வெட்கத்திலிருந்தோ பிறக்க வேண்டாம். எட்டுப் பேரில் ஒருவரைக் காத்தாலும், அந்த ஒருவருக்குள் ஆண்டவர் காக்கப்படுகிறார்.

கண்டி நகரின் நோயாளிகளைத் தம் கைகளில் ஏந்திய புனித யோசேப்பு வாஸ் உங்கள் இல்லங்களுக்காகப் பரிந்து பேசுவாராக. நோயாளிகளின் ஆரோக்கியமான தேவமாதா உங்கள் தொட்டில்களையும் உங்கள் முதியோரின் கட்டில்களையும் காத்தருள்வாராக. சர்வ வல்லபமுள்ள ஆண்டவர் உங்களுக்கு நல்ல சுகமும், நல்லதைத் தேர்ந்துகொள்ளும் ஞானமும், ஒருவருக்கொருவர் தோள்கொடுக்கும் மனசும் தந்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.